மணி அடிப்பதற்கு முன்

ஹரிபிரசாத் போன் செய்தபோது பாண்டிச்செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்துக் காதில் வைத்தாள்.

"செல்வி, லைசென்ஸ் திரும்பக் கெடச்சிருச்சு. திங்கக்கிழமை ஆலையத் தொறக்கிறோம். அதுக்குள்ள அந்தப் புரோகிராமை ஒருதடவை ஓட விட்டுப் பாத்துரும்மா. உங்கப்பா போர்மேன் வேலைக்கு வருவாகளான்னு கேட்டுச் சொல்லு."

"சரி சார்" என்றாள். வேறென்ன சொல்வது? நாரணாபுரம் தாண்டி இருக்கிற அந்தப் பட்டாசு ஆலை அவனுடைய அப்பா தனுஷ்கோடியுடையது. செல்வி அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி அங்கே பத்தொன்பது வருஷம் போர்மேன். அம்மா கருப்பம்மாள் அங்கே ஒன்பதாம் அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவள். நாலு மாசத்துக்கு முன்னால் அந்த அறையிலேயே செத்துப்போனவள்.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நாலு மாசமாக அவருக்கு அதுதான் இடம்.

"ஆலை தொறக்கிறாகளாம்ப்பா. உங்களக் கூப்பிடுறாக."

"நான் எதுக்கு? செருப்பு கண்ணு முன்னால கெடந்தும் உள்ள போய்ப் பாக்காதவன் நானு. என்னைய நம்பி எவ உள்ள போவா?"

இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கேட்டால் செல்விக்குச் சொல்லத் தெரியாது. சோறு வைத்தால் சொல்வார். யாராவது துக்கம் விசாரிக்க வந்தால் சொல்வார். யாருமே வராத அன்றைக்கும் சொல்வார். ஆறடி ஆள், இப்போது சட்டை தோளில் தொங்குகிறது.

செருப்புச் சங்கதியைச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் யாரும் செருப்புக் காலோடு போக மாட்டார்கள். மண் உராய்ந்து ஒரு பொறி வந்தால் போதும். அதனால் எல்லாரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். ஆண்டிச்சாமி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் செருப்புகளைத்தான் எண்ணுவார். அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். வாசலில் ஐந்தாவது ஜோடி கிடந்தால் உள்ளே தலையை நீட்டி, "எவ அவ கூட ஒருத்தி? வெளிய வா" என்பார். கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை. காலையில் மணி அடிப்பதற்கு முன் நேற்றைய எண்ணிக்கையை அழிப்பார். பிறகு இன்றைக்கு எந்த அறையில் எத்தனை பேர் என்று எழுதுவார். அப்புறம்தான் மணி. மணி அடித்த பிறகுதான் எவளும் மருந்தில் கை வைப்பாள்.

செல்வி சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் கோ என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பழகிவிட்டு வந்தவள். ஹரிபிரசாத் கேட்டான் என்று அந்தக் கரும்பலகை வேலையைப் புரோகிராமாக எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு அறை வாசலுக்கும் சற்றுத் தள்ளி ஒரு பெட்டி. உள்ளே போகும்போது அட்டையைத் தேய்க்க வேண்டும், வெளியே வரும்போதும் தேய்க்க வேண்டும். கேட் பக்கத்து ஆபீஸ் திரையில் இருபத்திரண்டு அறைக்கும் ஆள் எண்ணிக்கை தெரியும். அறையில் ஐந்தாவது ஆள் நுழைந்தால் ஊதும். அது வந்தபின் கரும்பலகையை யாரும் தொடவில்லை. அப்பாவும் மகள் செய்தது என்று பெருமையாகச் செருப்பு எண்ணுவதை விட்டுவிட்டார்.

அன்றைக்குக் காலையில் பத்தேமுக்காலுக்குக் கரண்ட் போனது. ஆபீஸ் பேட்டரியும் பழசு, கைவிட்டுவிட்டது. ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வந்து கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தது. அந்த நேரம் பார்த்து டீ மணி. எல்லாரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். வெடி காய வைத்திருந்த களத்தில் அப்போதுதான் தீப்பிடித்தது. வெயில்தான் காரணமா, உராய்வா, யாருக்குத் தெரியும். களத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்பதாம் அறை.

முதல் வெடி வெடித்ததும் ஆண்டிச்சாமி எல்லாரையும் கேட்டுக்கு விரட்டினார். திரும்பிப் பார்த்தார். ஒன்பதாம் அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வார் அறுந்து அவரே நைலான் நரம்பு போட்டுத் தைத்துக் கொடுத்த செருப்பு. ஆனால் கருப்பம்மாள் டீக்கு வெறுங்காலோடு போகிறவள். பத்து அடி தூரத்துக்குச் செருப்பு எதுக்கு என்பாள். கூட்டத்தில் தேடினார். புகையில் ஒரு முகமும் தெரியவில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடிவந்து கேட்டார்.

"செல்வி, ஒம்போதுல ஆள் இருக்கா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பது: பூஜ்யம். எட்டு: பூஜ்யம். எல்லாமே பூஜ்யம். டீ நேரத்தில் எல்லாம் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்.

"இல்லப்பா. எல்லாரும் வெளிய வந்துட்டாக. நீங்க அங்கன போகாதீக."

அவர் போகவில்லை. ஆறு நிமிஷம் கழித்து ஒன்பதாம் அறை போனது. கருப்பம்மாள் உள்ளே இருந்தாள். கையிலிருந்த ஒரு தட்டுப் புஸ்வாணத்தை அடைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்று டீக்கு வராமல் இருந்திருக்கிறாள். முதல் வெடியில் கூரைத் தகடு சரிந்து அவள் காலில் விழுந்து மாட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். ஆறு நிமிஷம். இரண்டு ஆண்கள் போயிருந்தால் தகட்டைத் தூக்க இரண்டு நிமிஷம் பிடிக்காது.

விசாரணைக்கு வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். திரையில் கண்ட பூஜ்யத்தை வைத்தே எழுதியதில் ஒரு வரி இது: சம்பந்தப்பட்ட தொழிலாளி தமது அட்டையைப் பதிவு செய்யாமல் அறைக்குள் சென்றதால் அவர் உள்ளே இருந்தது தெரியவரவில்லை. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள் பாருங்கள். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறாள்? ஊரும் அதையே பேசியது. அப்பாவும் ஒருநாள் ஆற்றமாட்டாமல், "கூறு கெட்ட சிறுக்கி, அட்டையத் தேய்ச்சிட்டுப் போனா என்ன கொள்ளை அவளுக்கு" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டுச் சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டார். செல்விக்கும் மனசுக்குள் அம்மா மேல் அந்தக் கோபம் இருந்தது. மூன்று பேரில் செத்தவள்தான் தப்பு செய்தவள் என்று அந்த வீட்டில் ஆகிப்போயிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஆலைக்குப் போனாள். காவலாளி கருத்தப்பாண்டி கேட்டைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். ஆபீஸ் முழுக்கத் தூசி. கம்ப்யூட்டரைத் துடைத்து எழுப்பினாள்.

பழைய பதிவுகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்தாள். ஒதுக்குவதற்கு முன் ஒருதடவை திறந்து பார்த்தாள். அட்டை தேய்க்கத் தேய்க்க வரி வரியாகக் கம்ப்யூட்டர் வட்டில் எழுதப்படும், கரண்ட் போனாலும் அழியாத கோப்பு அது. அன்றைய தேதி. எட்டு மணி ஏழு நிமிஷம். அறை ஒன்பது. உள்ளே. ஆ. கருப்பம்மாள்.

அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அம்மா தேய்த்திருக்கிறாள். வெளியே வந்த வரி இல்லை. அப்படியென்றால் திரையில் ஒன்று என்று காட்டியிருக்க வேண்டும்.

ஏன் பூஜ்யம் காட்டியது? தான் எழுதிய புரோகிராமைத் திறந்தாள்.

கோ மொழியில் எழுதிய புரோகிராம் எதுவானாலும் மெயின் என்கிற இடத்தில்தான் வேலையைத் தொடங்கும். ஆனால் மெயினுக்கும் முன்னால் ஓடுகிறவை உண்டு, இனிட் என்று பேர். அவற்றை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, நினைத்தாலும் கூப்பிட முடியாது. தானாக எழுந்து, கொடுத்த வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம்தான் மெயின். ஆலையில் மணி அடிப்பதற்கு முன் நடக்கிற வேலை போலத்தான். செல்வியின் புரோகிராமில் இரண்டு இனிட் இருந்தன. ரூம்ஸ் என்கிற கோப்பில் ஒன்று. இருபத்திரண்டு அறைக்கும் பூஜ்யம் போட்டுச் சுத்தம் செய்வது அதன் வேலை. ஒர்க்கர் என்கிற கோப்பில் இன்னொன்று. அன்றைய பதிவைப் படித்து, யார் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களைத் திரும்ப அந்தந்த அறையில் போடுவது அதன் வேலை. முதலில் அழிப்பது, பிறகு எழுதுவது. அப்பாவின் கரும்பலகையைப் பார்த்துத்தான் அப்படி எழுதினாள். கரண்ட் போனாலும் ஆள் தொலையாது.

அந்த இரண்டில் எது முதலில் ஓட வேண்டும் என்று அவள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கோப்புகளின் பேர் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் அவை ஓடும். ஆங்கில எழுத்து வரிசையில் ஆரில் தொடங்கும் ரூம்ஸ் முன்னால், டபிள்யூவில் தொடங்கும் ஒர்க்கர் பின்னால். அது பாட்டுக்குச் சரியாக அமைந்துவிட்டது. அவளும் நட்டநடுப் பகலில் ஒருதடவை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டிச் சோதித்துப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது.

இப்போது கோப்புகளின் வரிசையைப் பார்த்தாள். ஒர்க்கர் என்கிற பேரே அதில் இல்லை. வரிசையின் தலையில் வேறு ஒரு பேர் இருந்தது. அம்மா.

விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு டீ நேரம். கருப்பம்மாள் ஆபீஸ் ஜன்னலில் கையூன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விரலெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது.

"ஏத்தா, இம்புட்டு எழுதி வச்சிருக்கியே, இதுல நாங்கள்லாம் எங்கன இருக்கோம்?"

"இந்தா, இந்தக் கோப்புலதாம்மா."

"அதுக்கு என்ன பேரு?"

"ஒர்க்கர். வேலைக்காரங்கன்னு அர்த்தம்."

"வேலைக்காரங்களாம்ல. பெத்தவ உள்ள ஒக்காந்திருக்கேன், இம்புட்டுப் புத்தியில ஒரு நல்ல பேரு கெடைக்கலையாக்கும்" என்று முகத்தைச் சுளித்தாள். சும்மா வம்புக்குத்தான். செல்வி சிரித்துக்கொண்டே அவள் கண் முன்னாலேயே பேரை மாற்றினாள். "இப்பப் பாரு. அம்மான்னு வச்சிருக்கேன்." கருப்பம்மாளுக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. ஆனாலும் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். "எது, இதுவா?" என்று பொடி விரலால் கண்ணாடியில் தொட்டாள். சாயங்காலம் வரைக்கும் அறையில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பேர்தானே மாறியிருக்கிறது, உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லையே என்று செல்வி திரும்பச் சோதிக்கவில்லை. ஏ என்கிற எழுத்து ஆர் என்கிற எழுத்துக்கு முன்னால் வரும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தோன்றவில்லை. அன்று முதல் முன்னால் ஓடியது அம்மா, பின்னால் ஓடியது ரூம்ஸ். முதலில் எழுதுவது, பிறகு அழிப்பது. தினமும் காலையில் ஆலை காலியாக இருக்கும்போது ஓடத் தொடங்கியதால் பூஜ்யம் சரியாகவே இருந்தது. ஆட்கள் உள்ளே இருக்கையில் அது திரும்ப எழுந்தது ஒரே ஒரு நாள்தான். பூஜ்யத்துக்குக் கீழே எண் இறங்காதபடி அவள் எழுதியிருந்ததால், டீக்கு வெளியே வந்தவர்கள் அட்டை தேய்த்தபோதும் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.

அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். கருத்தப்பாண்டி ஜன்னல் வரை வந்து பார்த்துவிட்டு, அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று போய்விட்டார்.

இனி என்ன செய்வது? இதை அவள் சொல்லாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு பேரை மாற்றினால் முடிந்தது. ஆனால் வீட்டு வாசல்படியில் ஒரு மனுஷன் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். செத்தவள் பேரில் ஒரு பொய் வரி எழுதிக் கிடக்கிறது. சொன்னால் அப்பா முகத்தில் இனி எப்படி விழிப்பது? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை என்று ஆகிவிடும். பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். மூன்று தடவையும் அந்த எட்டு மணி ஏழு நிமிஷம் முடிவைக் கலைத்தது.

மத்தியானச் சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யப்பா, அம்மா அட்டையத் தேய்ச்சிருக்கு."

அவர் நிமிர்ந்தார்.

"எட்டு ஏழுக்குத் தேய்ச்சிட்டுத்தான் உள்ள போயிருக்கு. பதிவு இருக்கு. திரையில பூஜ்யம் காட்டுனது என் தப்பு."

"என்ன சொல்ற?"

"நீங்க காலையில மணி அடிக்கிறதுக்கு முன்ன பலகைய அழிச்சிட்டு எழுதுவீகல்லப்பா. மிஷினும் அதைத்தான் செய்யணும். நான் வரிசைய மாத்திட்டேன். எழுதிட்டு அழிச்சிருச்சு. அன்னைக்குக் கரண்ட் போயி வந்தப்ப உள்ள இருந்த அம்புட்டுப் பேரையும் அழிச்சிருச்சு. நான் அதைப் பாத்துத்தான் ஒங்களப் போகாதீகன்னு சொன்னேன்."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தேய்ச்சிருக்கா" என்றார். "அவ தேய்ச்சிருக்கா. நானும்ல ஊரோட சேந்து அவளை வஞ்சேன்." அத்தோடு அவர் உடம்பு குலுங்கியது. நாலு மாசத்தில் அவர் அழுததே இல்லை. இப்போது சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். செல்வி எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தாள். கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

அழுகை அடங்கியதும் கேட்டார். "வரிசைய என்னத்துக்கு மாத்துன?"

அவள் சொன்னாள். ஜன்னலைச் சொன்னாள், பொடி விரலைச் சொன்னாள், என்ன பேர் வைத்தாள் என்பதையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய்ந்துதான் வந்தார். எங்கே போனார் என்று அவளும் கேட்கவில்லை. படுத்துக்கொண்டார். செல்விக்கு அந்தச் சோற்றுத் தட்டைக் கழுவக்கூடத் தெம்பில்லை.

காலையில் அவள் டீ கொண்டுபோய் வைத்தபோது அவராகவே பேசினார்.

"எம்மக மேல கோவமில்லைன்னு சொன்னா அது பொய் தாயி. இருக்கு. எம்மேலயும் இருக்கு. நீ சொன்னாலும் செருப்பு அங்கன கெடந்துச்சுல்ல. அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்." டீயை ஆற்றினார். "அதைச் சரி பண்ணிட்டியா?"

"இன்னைக்குப் பண்ணிருவேன். இனி அது தானா ஓடாதுப்பா. மெயின்ல நானே ஒண்ணொண்ணாக் கூப்பிட்டாத்தான் ஓடும். மொத அழிக்கிறது, பெறகு எழுதுறது. யாரு என்ன பேரு வச்சாலும் மாறாது."

"சரி."

"பேரையும் பழையபடி ஒர்க்கர்னே..."

"வேண்டாம்" என்றார். "அவ பேரு அங்கன இருக்கட்டும். அதை எடுக்காத."

ஹரிபிரசாத்திடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. "இதைப் போயி எழுத்துல குடுக்கணுமா செல்வி? முடிஞ்சுபோனதுதான" என்றான். கொடுத்தே ஆக வேண்டும் என்றாள். தன் பேரைப் போட்டு, தான் செய்ததை எழுதி, எட்டு மணி ஏழு நிமிஷம் என்கிற வரியையும் நகலெடுத்து வைத்து, விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் கொடுத்தாள். வேலையில் இருப்பாளா போவாளா என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை வா, மத்ததப் பெறகு பாப்போம்" என்று மட்டும் ஹரிபிரசாத் சொன்னான்.

திங்கட்கிழமை ஆண்டிச்சாமியும் வந்தார். பெண்கள் கேட்டில் தயங்கி நின்றார்கள். அவர், "நான் எண்ணுறேன், போங்கத்தா" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்கள். அட்டையைத் தேய்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், அறைக்குள் போய்க் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். மணி அடிக்காமல் யாரும் எதையும் தொடமாட்டார்கள்.

அவர் ஒவ்வொரு வாசலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். சுற்றி முடித்து ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"நிறுத்து" என்றார்.

செல்வி கம்ப்யூட்டரின் கரண்டைப் பிடுங்கினாள். திரை இருண்டது. திரும்பச் செருகினாள். அது மெதுவாக எழுந்து வந்தது. எண்கள் வந்தன. அவர் கைவிரலை மடக்கி மனசில் இருந்ததைச் சொல்ல, அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணுல நாலு."

"நாலு."

"ரெண்டுல மூணு."

"மூணு."

எட்டு வரைக்கும் வந்தார்கள். எட்டில் நாலு, திரையிலும் நாலு. அப்புறம் அவர் நிறுத்தினார். களத்துப் பக்கம் திரும்பினார். அங்கே அறை இல்லை, கழுவி விட்ட சிமெண்டுத் தரை மட்டும் வெயிலில் கிடந்தது.

"ஒம்போதுல ஆள் இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தை.

செல்வி திரையைப் பார்த்தாள். கண்ணீர் மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள்.

"சரியா இருக்கு" என்றார் ஆண்டிச்சாமி. மிச்ச அறைகளையும் பார்த்து முடித்துவிட்டு, மணி அடிக்கப் போனார்.